உதயாதி நாழிகை: காக்களூரில் ஒரு லக்னத்தைக் கையால் கணித்தல்

ஜாதகம் கணிக்கக் கற்பவர் முதலில் செய்ய வேண்டியது கைக்கடிகாரத்தைச் சந்தேகிப்பது. இந்திய நேரம் என்று நாம் சொல்வது, மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். திருவள்ளூரை அடுத்த காக்களூர் ஏறத்தாழ 79 பாகை 55 கலையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், காக்களூரின் சொந்த நேரம் அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையின் ஷிப்டு மணியைவிட 10 நிமிடம் 20 விநாடி பின்தங்கியது. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் வரும்வரை இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. ரயில்கள் ஓடிய சென்னை நேரத்துக்கும் திருவள்ளூரின் நேரத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது.

பழைய கணிதர்களுக்கு இந்தத் திருத்தமே தேவைப்படவில்லை. அவர்கள் நேரத்தைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணினார்கள். உதயத்திலிருந்து பிறப்பு வரை கடந்த நாழிகைதான் உதயாதி நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அதை அறுபதாகப் பிரித்தால் 24 விநாடி கொண்ட விநாழிகை. மணியை இரண்டரையால் பெருக்கினால் நாழிகை வந்துவிடும். இதுவரை எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

உதயம் எது என்பதில்தான் முதல் முடிச்சு. நாளிதழ் போடும் உதய நேரம், சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் நேரம். காற்று ஒளியை வளைப்பதால், சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. லக்னக் கணக்கு கேட்பதோ சூரிய வட்டத்தின் மையம் அடிவானத்தைத் தொடும் நேரம். அந்தக் கணத்தில்தான் சூரிய ஸ்புடமும் (ராசிச் சக்கரத்தில் சூரியனின் இடம்) லக்ன ஸ்புடமும் (கீழ்வானில் ஏறும் புள்ளியின் இடம்) ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் இடையே காக்களூரில் சுமார் மூன்றரை நிமிடம் வித்தியாசம். லக்னத்தில் கிட்டத்தட்ட ஒரு பாகை. பஞ்சாங்கத்தில் எந்த உதயம் அச்சாகியிருக்கிறது என்று கேட்காமலேயே கணக்கில் இறங்குபவர்கள் அதிகம்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். விசுவாவசு வருஷப் பிறப்பு, 2025 ஏப்ரல் 14, காலை 10 மணி 30 நிமிடம், காக்களூர். ஆணா பெண்ணா என்பது லக்னத்துக்குத் தேவையில்லை. அன்று இங்கே மைய உதயம் 6 மணி 2 நிமிடம். கழிந்தது 4 மணி 28 நிமிடம். உதயாதி நாழிகை 11, விநாழிகை 10. விநாழிகையில் சொன்னால் 670. சூரியன் அன்று விடிவதற்குச் சற்று முன்புதான் மேஷத்தில் நுழைந்திருந்தான்; உதயத்தில் அவன் ஸ்புடம் மேஷம் 0 பாகை 6 கலை.

அடுத்து ராசிமானம், அதாவது ஒவ்வொரு ராசியும் கீழ்வானில் ஏறி முடிக்க எடுக்கும் நேரம். பஞ்சாங்கங்களிலும் தொடக்கப் பாடநூல்களிலும் அடிக்கடி காணும் வாய்ப்பாடு இது: மேஷம் 4¼ நாழிகை, ரிஷபம் 4¾, மிதுனம் 5¼, கடகம் 5½, சிம்மம் 5¼, கன்னி 5, பிறகு அப்படியே திரும்பி துலாம் 5, விருச்சிகம் 5¼, தனுசு 5½, மகரம் 5¼, கும்பம் 4¾, மீனம் 4¼. கூட்டினால் சரியாக 60. மனப்பாடம் செய்யத் தோதான, அழகான வாய்ப்பாடு. இதை வைத்து 670 விநாழிகையைக் கழித்துக்கொண்டே போனால் மேஷத்தின் மிச்சமும் ரிஷபமும் போய், மிதுனத்தில் 131 விநாழிகை நிற்கும். முப்பதால் பெருக்கி 315ஆல் வகுத்தால் மிதுனம் 12½ பாகை. ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சக் கட்டத்தில், சுருக்கமாக அம்சக் கட்டத்தில், அது மகரம்.

இதே பிறப்பை ஒரு கணினி மென்பொருளில் போட்டால் மிதுனம் 8 பாகை 50 கலைக்குப் பக்கத்தில் வரும். அம்சத்தில் தனுசு. ராசிக்கட்டம் தப்பித்தது, அம்சக் கட்டத்தில் லக்னம் ஒரு வீடு தள்ளிவிட்டது. நாழிகைக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. அப்படியானால் மூன்றே முக்கால் பாகை எங்கே போனது?

வாய்ப்பாட்டின் அழகே இதற்குக் காரணம். மேஷமும் மீனமும் ஒரே அளவு, ரிஷபமும் கும்பமும் ஒரே அளவு என்ற ஒழுங்கு, மேஷத்தின் முதல் புள்ளியும் சூரியன் நிலநடுக்கோட்டை வடக்கே கடக்கும் சம இரவுப் புள்ளியும் ஒன்றாக இருந்தால்தான் நிற்கும். சோதிட மரபின் கணக்குப்படியே அது 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வானம். அதன்பின் சம இரவுப் புள்ளி பின்னோக்கி நகர்ந்து, அரசுப் பஞ்சாங்கம் ஏற்ற அளவின்படி 24 பாகை 12 கலை விலகிவிட்டது. அந்த விலகல்தான் அயனாம்சம். ஆக, இந்த வாய்ப்பாடு சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன ராசிகளுக்கு உரியது. நாம் அதை, அயனாம்சத்தைக் கழித்து எண்ணும் நிராயன ராசிகளுக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

சரியான வழி பழைய நூல்களிலேயே இருக்கிறது. அது ஒரு குச்சியில் தொடங்குகிறது. சம இரவு நாளன்று நண்பகலில் 12 அங்குலக் குச்சியின் நிழலை அளக்க வேண்டும். காக்களூரில் மார்ச் 21 வாக்கில், கடிகாரம் 12 மணி 18 நிமிடம் காட்டும்போது, நிழல் 2.8 அங்குலம் விழும். (நாகர்கோவிலில் 1¾ அங்குலத்தைத் தாண்டாது, பாட்னாவில் 5¾ அங்குலம்.) இதை 10, 8, 3⅓ ஆகியவற்றால் பெருக்கினால் 28, 22, 9. நிலநடுக்கோட்டில் மேஷம் 278, ரிஷபம் 299, மிதுனம் 323 விநாழிகையில் உதிக்கும். முதல் மூன்று ராசிகளுக்கு அந்தத் திருத்தங்களைக் கழித்து, அடுத்த மூன்றுக்குத் தலைகீழ் வரிசையில் கூட்டினால் காக்களூரின் சொந்த ராசிமானம் வந்துவிடும்: 250, 277, 314, 332, 321, 306. நாழிகையாக்கிக் கால் அரையாக முழுமைப்படுத்தினால் மேலே சொன்ன வாய்ப்பாட்டுக்கு வெகு அருகில் வருகிறது. ஆகவே அது இந்த அட்சரேகைப் பக்கத்தில் பிறந்ததுதான்; போட்ட இடம்தான் தவறு.

இனி சூரியனுடன் அயனாம்சத்தைக் கூட்டுவோம்: சாயன மேஷம் 24 பாகை 18 கலை. மேஷத்தில் மிச்சம் 5 பாகை 42 கலை. அதற்கு 47 விநாழிகை. 670இல் அதைக் கழித்தால் 623. ரிஷபத்துக்கு 277, மிதுனத்துக்கு 314 போனால் நிற்பது 32. கடகத்தின் 332இல் 32 என்றால் 2 பாகை 53 கலை. கூட்டிய அயனாம்சத்தைத் திரும்பக் கழித்தால் மிதுனம் 8 பாகை 41 கலை. மென்பொருளின் விடைக்குக் கால் பாகைக்குள் வந்துவிட்டோம். கையில் இருந்தது ஒரு குச்சியும் ஒரு தாளும்.

கையால் கணிப்பதன் பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. விடை துல்லியமாக வரும் என்பதற்காக யாரும் இதைக் கற்க வேண்டியதில்லை; அந்த வேலையைக் கைப்பேசி நம்மைவிட நன்றாகச் செய்கிறது. விடையில் எந்த முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கின்றன, யார் எடுத்தார்கள், எது மாறினால் எவ்வளவு மாறும் என்பதெல்லாம் கழித்து வகுத்துப் பார்க்கும் கைக்குத்தான் பிடிபடுகிறது.

இதைச் சொல்லும்போது பழங்காலத்துக் கணிதர் எல்லாரும் காரணம் அறிந்தே கணித்தார்கள் என்று பெருமைப்பட்டுவிடக் கூடாது. 1825இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ என்ற ஆங்கில நூல் அதற்குச் சாட்சி. எழுதியவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் வந்தவர், படை அதிகாரி, 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை அவர் சந்தித்தார். சாமிநாதன் சேஷையா என்று படிக்கத்தக்கதாக அவர் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. வாய்ப்பாடுகள் முழுக்க மனப்பாடம். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வானியலின் கோட்பாடுகள் எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார். அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடத் தோன்றவில்லை. பல நூற்றாண்டுக்கு முன் கட்டிய கருவியை ஒருவர் பிசகில்லாமல் இயக்கிக் காட்டியிருக்கிறார். மென்பொருளில் பொத்தானை அழுத்துபவரும் அதையேதான் செய்கிறார். ஆனால் சேஷையாவின் கணக்கில் ஒவ்வொரு படியும் தரையில் கிடந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாரனால் அதைப் படிப்படியாக எழுதிக்கொள்ள முடிந்தது.

1952இல் வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகபவர் தமிழ் வானியல் பற்றிக் கட்டுரை எழுதியபோது ஆதாரமாகக் கொண்டது வாரன் எழுதிவைத்த இந்த முறையைத்தான். பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் கண்ட 248 நாள் சந்திரச் சுழற்சி புதுச்சேரித் தரையிலும் உயிரோடு இருந்தது அவரை ஈர்த்தது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது முறை சுற்றினால் 248 நாள். அந்த 248 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாகச் சந்திரனின் நிலையை எழுத்துகளில் பொதிந்து வைத்ததுதான் வாக்கிய முறை. வரருசி செய்தது என்பது மரபு.

எழுத்தை எண்ணாக்கும் இந்தக் கடபயாதி முறையின் சுவையை வாரன் குறித்த பெயர்களிலேயே பார்க்கலாம். பெரிய நாள் தொகையிலிருந்து கழிக்க வேண்டிய சுழற்சிகளுக்குத் ‘தேவரம்’, ‘காலாநிலம்’ என்று பெயர். தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. பின்னிருந்து படித்தால் 248. கா ஒன்று, லா மூன்று, நி பூஜ்யம், ல மூன்று, பின்னிருந்து 3031. சந்திரன் 110 முறை சுற்றிவர ஆகும் நாள் அது. எண்ணை மறந்தாலும் பெயரை மறக்காதவரிடமிருந்து கணக்கு தப்பாது.

இந்த முறையின் முதன்மை நூலான ‘வாக்கியகரணம்’ 1300ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிப் பக்கத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. தி. சு. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து, 1962இல் சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. காக்களூரில் இருந்து காஞ்சிக்குப் போவதைப் பெரிய பயணம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்த வட்டாரம் உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்றிருப்பது இங்கே பலருக்குத் தெரியாது.

வாக்கியச் சந்திரனின் குறை எங்கே என்பதையும் கையால் போட்டால் பார்த்துவிடலாம். சந்திரன் சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னும் விலகுவதை அந்த முறை ஒரே ஒரு திருத்தத்தால் சரிசெய்கிறது. அதிகபட்சம் 5 பாகை. உண்மையான சந்திரனுக்குச் சூரியனின் ஈர்ப்பால் இன்னொரு பெரிய அலைவு உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் சேர்ந்து சுமார் 5 பாகையாகவே தெரியும்; அஷ்டமியை ஒட்டி ஏழரைப் பாகை வரை போகும். கிரகணத்தைப் பார்த்துச் சரிபார்த்து வளர்ந்த கணக்கு என்பதால், கிரகணம் நிகழும் திதிகளில் அது வலுவாகவும், இடைத் திதிகளில் பலவீனமாகவும் இருக்கிறது. தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் கூடும் கூட்டத்துக்கு வாக்கியமும், இக்கால வானியல்படி கணிக்கும் திருக்கணிதமும் பெரும்பாலும் ஒரே நாளைக் காட்டுவதற்கு இதுவே காரணம். அஷ்டமிக்குப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வசதி இல்லை.

இரண்டரைப் பாகைப் பிழை என்பது தசை இருப்பில் என்ன செய்யும்? ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. பிறந்தபோது சந்திரன் அதில் எவ்வளவு கடந்தானோ அந்தப் பங்குதான் கர்ப்பச் செல். அதை நீக்கி நிற்பது இருப்பு. பரணியில் பிறந்தால் சுக்கிர தசை 20 வருஷம். இரண்டரைப் பாகை தள்ளினால் தசை இருப்பு மூன்றே முக்கால் வருஷம் தள்ளும். அதற்குப் பின் வரும் எல்லாத் தசைகளும் அதே அளவு தள்ளும். கல்யாணம் எந்தப் புத்தியில் என்று இரண்டு சோதிடர்கள் வேறு வேறாகச் சொன்னால், சண்டை பலனில் இல்லாமல் பஞ்சாங்கத்தில் இருக்கலாம்.

அந்தச் சண்டைக்கும் வயது நூற்றைம்பது ஆகிறது. சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர், 1874இன் சுக்கிரக் கடப்பு பற்றி நாட்டு மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டவர். தொலைநோக்கியில் தெரியும் வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டபோது பழைய முறையினர் எளிதில் ஏற்கவில்லை. இன்றும் முழுதாக ஏற்றபாடில்லை. 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போனதாகத் திருக்கணிதம் சொன்னது; வாக்கியப்படி நடக்கும் திருநள்ளாறு கோயில் அன்று சனிப்பெயர்ச்சி இல்லை என்று அறிவித்து, அதை 2026க்கு வைத்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம். சந்திரனில் மணிக்கணக்கில் இருக்கும் வேற்றுமை, மெதுவாக நகரும் சனியில் மாதக்கணக்காகிவிடுகிறது. கோயில் தன் மரபைப் பின்பற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு விடை இருக்க முடியாது.

அயனாம்சத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ராசிச் சக்கரத்தின் தொடக்கம் எங்கே என்பது அளந்து கண்டுபிடிக்கும் பொருள் அல்ல, ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று ஒரு தொடக்கத்தை நிறுத்தியது. அரசின் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் அதன்படியே வருகிறது, தமிழிலும் வருகிறது. சோதிடர் பி. வி. ராமன் கொண்ட அளவு இதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறைவு. நம் ஏப்ரல் 14 பிறப்பில் அவர் அளவைப் போட்டால் லக்னம் மிதுனம் 10 பாகையைத் தாண்டி, அம்சம் மறுபடி மகரத்துக்கே போய்விடும். தவறான ராசிமானத்தில் கிடைத்த அதே மகரம், இந்த முறை வேறு காரணத்தால்.

இத்தனை உழைப்பில் கிடைக்கும் கட்டம் மனிதரைப் பற்றி எதையாவது சொல்கிறதா என்பது தனிக் கேள்வி. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரின் குழு மகாராஷ்டிரத்தில் செய்த சோதனையில், மிக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் பங்கேற்றார்கள். ஆளுக்கு 40 ஜாதகம். சரியானவை 46 விழுக்காடு. காசைச் சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும். கணிதம் சரி என்பதால் பலனும் சரி என்று ஆகாது. பலனில் நம்பிக்கையில்லை என்பதற்காகக் கணிதத்தைக் கைகழுவவும் வேண்டியதில்லை. லக்னக் கணக்கில் இருப்பது சுத்தமான கோள வானியல்.

கற்பவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று. ஒடிசாவிலும் பீகாரிலும் பிறந்தவர்கள் வேலை பார்க்கும் ஊர் காக்களூர். அவர்கள் ஊரின் நிழல் வேறு, ராசிமானம் வேறு. பாட்னாவில் சாயன மேஷம் 220 விநாழிகையில் ஏறிவிடும், இங்கே 250 ஆகும். இந்த இரண்டு ஊருக்கும் தனித்தனியே ஒரு லக்னம் போட்டுப் பார்த்தால், சென்னைக்கு அச்சான பஞ்சாங்கத்தை எல்லாப் பிறப்புக்கும் நீட்ட முடியாது என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகக் கணிப்பது என்பதற்குப் பிறந்த நேரமே எல்லை போடுகிறது. நவாம்சம் ஒன்று 3 பாகை 20 கலை; கீழ்வானில் ஏறச் சுமார் 13 நிமிடம். குழந்தை வெளியே வந்ததா, அழுததா, கொடி அறுத்ததா, எதைப் பிறந்த நேரமாகக் கொள்வது என்பதிலேயே ஓரிரு நிமிடம் போகும். மருத்துவமனைக் குறிப்பிலோ நேரம் பெரும்பாலும் ஐந்தின் மடங்காக இருக்கும். அரைப் பாகை அகலமுள்ள சஷ்டியாம்சம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. மென்பொருள் அதையும் கட்டம் போட்டு அச்சடித்துத் தருகிறது. கையால் கணிப்பவர் நவாம்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.